காரலும் கடற்சட்டமும்: ஒரு 150 ஆண்டுக் கதை



வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், இங்கே உள்ளூர் உணவைக் காப்பாற்றவே சட்டம் போடுகிறார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் இவ்வளவு பங்கு பக்கத்து விவசாயியிடம்தான் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் ராமநாதபுரத்துக்கு அப்படி ஏதாவது உண்டா?"

இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் பதிவாகவே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைக்கும்போது இரண்டு தவணையாகப் படித்தாலும் சரி.

நம் மாவட்டத்துச் சாப்பாட்டுக்கு இரண்டு கால்கள். ஒன்று கண்மாய், இன்னொன்று கடல். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நெல். பெய்யாவிட்டால் கேழ்வரகு, குதிரைவாலி. எந்தச் சோறாக இருந்தாலும் தொட்டுக்கொள்ளக் கடலிலிருந்து ஏதாவது வரும். கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிச் சந்தைகளிலும் கருவாட்டுக் கடை ஒரு வரிசையாக இருக்கும். ஐஸ் வருவதற்கு முன்னால் கடல் மீன் உள்நாட்டுக்குப் போன வழியே அதுதான். கூலி வேலை செய்தவர் வீட்டுக்குப் பருப்பை விடக் கருவாடு எட்டும் விலையில் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காரல் சாறும் பால்சுறாப் புட்டும் கொடுத்தது பாட்டிமார் வைத்தியம். நெத்திலி, காரல் போன்ற சிறு மீனை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும் என்பதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது பிற்பாடு. பாட்டிமார் அதற்கு முன்னாலேயே சமைத்துவிட்டார்கள்.

கண்மாயைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் கடலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடலுக்குச் சட்டங்கள் குறைவில்லை. அவை எதற்காக எழுதப்பட்டன என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும்.

உப்புக் காலம்

முதலில் ஆண்டவர்களின் கண்ணுக்கு நம் கடல் முத்தும் சங்கும்தான். நாயக்கர், சேதுபதி, போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் முத்துக்குளிப்பிலும் சங்குக்குளிப்பிலும் பங்கு கேட்டார்கள், அதற்காகச் சண்டை போட்டார்கள், ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சாளையும் காரலும் அவர்கள் கணக்கில் பெரிதாக வரவில்லை.

மீனைச் சட்டம் முதலில் தொட்டது உப்பின் வழியாக. சென்னை மாகாணத்தில் 1805ல் உப்பு அரசின் ஏகபோகம் ஆனது. அரசு சொல்லும் விலையில்தான் உப்பு வாங்க வேண்டும். கடலோரத்தில் தானே விளைந்து கிடக்கும் உப்பை அள்ளினாலும் குற்றம். வீட்டுச் சமையலுக்கு ஒரு பிடி உப்பு போதும். ஆனால் ஒரு பாடு சாளையைக் கருவாடாக்க எவ்வளவு உப்பு வேண்டும் என்று கருவாடு போட்டவர்களைக் கேளுங்கள். மலிவான மீனுக்கு விலை கூடிய உப்பு கட்டுப்படியாகாது. அதனால் உப்பு மண்ணைத் தேய்த்தார்கள், அதுவும் குற்றம். இல்லாவிட்டால் உப்பே போடாமல் மணலில் காயவைத்தார்கள். பாதி அழுகிய கருவாடுதான் ஏழைக்குக் கிடைத்தது.

பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் இதைக் கவனித்தார். மீன்களைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்தவர் அவர். இந்தியா, பர்மா கடல் மீன்வளம் பற்றி 1873ல் வெளியான அவருடைய அறிக்கை, உப்பு வரி மீன் பதனிடும் தொழிலைக் கெடுக்கிறது என்று சொன்னது. 1870களிலிருந்து மாகாணக் கடற்கரையில் மீன் பதனிடும் முற்றங்கள் திறக்கப்பட்டன. வேலி போட்ட இடம், உள்ளே ஒரு அதிகாரி, வரியில்லாத உப்பு. மீனை அங்கே கொண்டுபோய், அவர் கண் முன்னால் உப்பிட வேண்டும். உப்பு வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் அரசின் பெரிய கவலை.

குறை இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாமானியர் சாப்பிடும் மலிவு மீனுக்காக அரசு தன் வருமானத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது நம் கடற்கரை வரலாற்றில் அநேகமாக அதுதான் முதல் முறை. 1930ல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளினார்கள். அடுத்த ஆண்டு காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு விளையும் ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. உப்பு வரியே ஒழிந்தது 1947ல். உப்புச் சத்தியாகிரகம் கருவாட்டுக்கும் விடுதலை தந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

மண்டபமும் நார்வேப் படகும்

1907ல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கு என்று தனி அமைப்பு உருவானது. அதற்குக் காரணமானவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பற்றி 1890களில் அறிக்கை எழுதியவர், 1901 பஞ்சக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். பஞ்சத்தைக் கண்ட மனிதர் மீனைப் பார்த்த பார்வை வேறாகத்தான் இருக்கும். மக்களுக்கு உணவு, வயலுக்கு உரம், மீனவருக்குப் பிழைப்பு என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்.

1943 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு நாடு முழுவதும் உணவுத் தட்டுப்பாடு. அந்தச் சூழலில் 1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையிடம் நம் மண்டபம் முகாம்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திவைத்துச் சோதித்த முகாம் அது. பசிக்குப் பிழைக்கப் போனவர்கள் தங்கிய கொட்டகையில், பசியைத் தீர்க்க மீன் ஆராய்ச்சி நடந்தது. இன்று அந்தச் சாலையில் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்து வந்தது இந்திய–நார்வே திட்டம். 1952ல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் கையெழுத்திட்டன. 1953ல் கேரளத்தில் கொல்லம் பக்கம் நீண்டகரையில் வேலை தொடங்கியது. திட்டத்தில் படகு மட்டும் இல்லை. சுகாதார நிலையம், குடிநீர் எல்லாம் இருந்தன. மீன் அதிகமாகப் பிடித்தால் உள்ளூர் மக்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள், ஆரோக்கியமாக இருப்பார்கள் என்பதுதான் எண்ணம். 1960களில் திட்டம் மண்டபத்துக்கும் வந்தது.

ஆனால் அதே காலத்தில் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விலை ஏறியது. இறால் தரையை ஒட்டிக் கிடக்கும். அதைப் பிடிக்க ஏற்றது கடல் தரையை அரித்துக்கொண்டு போகும் இழுவை மடி. உள்ளூர்ச் சாப்பாட்டுக்காகத் தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளில் ஏற்றுமதி இறாலின் பின்னால் போய்விட்டது. இதில் யாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை. டாலர் தேவைப்பட்ட அரசு மானியம் கொடுத்தது, கடன் கிடைத்தவர் விசைப்படகு வாங்கினார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, வள்ளமும் வலையும் போய் நின்ற கடற்கரையில், புதிதாக ஒரு தொழில் வருமானத்தோடு வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

1983 சட்டம்

இழுவை மடி கரைக்கு அருகில் வந்தபோது நாட்டுப்படகுக்காரர்களின் வலை அறுந்தது. 1970களில் தமிழ்நாடு, கேரளம், கோவாக் கடற்கரைகளில் மோதல்கள் நடந்தன, உயிர்களும் போயின. 1976ல் மத்திய அரசு மஜும்தார் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு ஒரு மாதிரி மசோதாவைத் தந்தது. 1980ல் கேரளமும் கோவாவும் சட்டம் இயற்றின. நம் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983ல் வந்தது.

அதன் முக்கிய விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் வரை நாட்டுப்படகுக்கு. விசைப்படகு அதற்கு அப்பால். நம் பாக் நீரிணையில் கூடுதலாக ஒரு ஏற்பாடும் உண்டு. விசைப்படகு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகு 4 நாள். திங்கள், புதன், சனி விசைப்படகு என்பது ராமேசுவரத்துச் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். கடலைக் கிழமை வைத்துப் பங்கு போட்ட ஊர் நம் ஊர். பெரிய பெரிய மேதைகள் யோசித்தாலும் இவ்வளவு எளிமையாக ஒரு வழி வந்திருக்குமா என்று தெரியவில்லை.

சட்டத்தின் வாசகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அரசு எதை மனதில் வைத்து ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. பாரம்பரிய மீனவர்களின் நலனைக் காப்பது, மீன்வளத்தைக் காத்து அறிவியல் முறையில் ஒழுங்குபடுத்துவது, கடலில் சட்டம் ஒழுங்கைக் காப்பது. மூன்றும் நல்ல காரணங்கள். ஆனால் "மக்களின் உணவு" என்று தனியாக ஒரு காரணம் அதில் இல்லை. அந்த 3 கடல் மைலுக்குள் கரைவலையிலும் செவுள் வலையிலும் விழும் சாளை, சூடை, காரல், முரல்தான் அன்றைக்குச் சாயங்காலம் நம் வீட்டுக் குழம்பு. அந்த எல்லையைக் காப்பது கூடைக்காரம்மாவின் கூடையைக் காப்பது. சட்டம் இதைச் செய்கிறது, ஆனால் இதற்காக என்று சொல்லவில்லை. சொல்லாததால் வரும் நஷ்டத்தை இனிப் பார்ப்போம்.

சங்காயம்

ராமேசுவரம் துறைமுகத்தில் விசைப்படகு வந்து நிற்கும்போது பார்த்திருப்பீர்கள். இறால், கணவாய், நண்டு, பெரிய மீன் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து கம்பெனிக்குப் போகும். மிச்சமாகக் கலந்து கிடக்கும் குவியலுக்குப் பெயர் சங்காயம். சிறு மீன், நசுங்கிய மீன், வளராத குஞ்சு எல்லாம் அதில் இருக்கும். அது காய்ந்து மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது.

அந்தக் குவியலில் காரலும் இருக்கிறது. நாளைக்குக் கிலோ கணக்கில் வளர வேண்டிய மீனின் குஞ்சும் இருக்கிறது.

இதை வகுப்பில் வட்டமாக வரைந்து காட்டலாம். நம் கடலின் சிறு மீன் தீவனமாகிறது. அப்படிப்பட்ட தீவனம் தின்ற கோழி முட்டையிடுகிறது. நாமக்கல் பக்கத்து முட்டை லாரியில் ஊர் ஊராகப் போய்ச் சத்துணவுக் கூடத்துக்கு வருகிறது. கடலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, தன் கடலின் சத்து ஆலை, பண்ணை, லாரி எல்லாம் சுற்றித் தட்டுக்கு வந்து சேர்கிறது. முட்டையை நான் குறை சொல்லவில்லை. 1956ல் காமராஜர் மதிய உணவையும், 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவையும், 1989ல் கலைஞர் முட்டையையும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் வகுப்பறையில் என்ன மாற்றம் செய்தது என்பதைப் பார்த்தவன் நான். முதல் பீரியடில் சுவரில் சாய்ந்து கிடந்த பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது. என் கேள்வி ஒன்றுதான்: பக்கத்தில் இருக்கும் மீனுக்கு இவ்வளவு பெரிய சுற்று எதற்கு?

2013ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மலிவு விலையில் தர வேண்டியவையாக அது சொல்வது அரிசி, கோதுமை, சிறுதானியம். வயிறு நிறைய அது போதும். கடற்கரையில் வயிறும் நிறைய வேண்டும், சத்தும் சேர வேண்டும் என்றால் மீனைப் பற்றியும் யாராவது யோசிக்க வேண்டும்.

எதிர்க்கரையின் தட்டு

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், பெரும்பாலும் 15 மீட்டருக்குள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இதில் கரையோரம் 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கு. 1974, 1976 ஒப்பந்தங்களால் நடுவில் எல்லைக்கோடு. இடையில் இருக்கும் இடம் நூற்றுக்கணக்கான இழுவைப் படகுகளுக்குப் போதாது. அதன் விளைவு நமக்குத் தெரியும்: கைது, படகு பறிமுதல், துப்பாக்கிச் சூடு, சிறைவாசலில் நிற்கும் குடும்பங்கள். அந்த வேதனையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

அதே சமயம் எதிர்க்கரையில் இருப்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்கள். 2009 வரை போரால் கடலுக்குப் போக முடியாமல் இருந்து, திரும்பி வலை போட்டபோது அந்த வலைகளை நம் இழுவை மடிகள் கிழித்தன என்பது அவர்கள் முறையீடு. 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் பேசி, இழுவை மடியைக் கூடிய சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருவது என்று ஒத்துக்கொண்டார்கள். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியை முழுவதுமாகத் தடை செய்து சட்டம் போட்டது.

நம் பக்கம் அதே 2017ல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. 3 ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதில் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு. ஒரு படகு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. தலைமுறையாக அன்றன்று போய்த் திரும்பும் தொழில் செய்தவர்களை வாரக்கணக்கில் ஆழ்கடலில் நில் என்றால் அது வேறு தொழில். கடனும் பெரிது. இன்னொன்றையும் கவனியுங்கள். இறாலுக்குப் பதில் சூரை என்றாலும், அது பெரும்பாலும் வெளிச்சந்தைக்கான மீன்தான். உள்ளூர்க் கூடைக்கு என்ன வரும் என்ற கேள்வி இந்தத் திட்டத்திலும் எழவில்லை.

காப்பகமும் பாசி எடுக்கும் பெண்களும்

தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா. 1986ல் 21 தீவுகளும் சேர்ந்து தேசியக் கடல் பூங்கா ஆனது. 1989ல் உயிர்க்கோளக் காப்பகம், 10,500 சதுர கிலோமீட்டர். 2001ல் கடல் அட்டை முழுவதும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. நம் ஊரில் யாரும் சாப்பிடாத, கிழக்காசியாவுக்குப் போன பொருள் அது. 2022ல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று நம் பக்கம் சொல்வோமே, அந்தக் கடற்பசு மேயும் கடற்புல்தான் பல மீன்களுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில். புல் போனால் மீன் போகும். ஆகவே இவையும் நம் சாப்பாட்டைக் காக்கும் சட்டங்கள்தான்.

ஆனால் பூங்காவின் கோடு வரைந்தபோது ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் சரியாகத் தெரியவில்லை. தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்கள் திடீரென்று சட்டத்தை மீறுபவர்கள் ஆனார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி எடுக்கும் அந்தப் பாசியிலிருந்துதான் ஜெல்லிக்கும் ஐஸ்கிரீமுக்கும் சேர்க்கும் அகர் போன்ற பொருள்கள் வருகின்றன. அந்தப் பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுக்காமல் இருப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். கடலோடு பிழைப்பவர்களிடம் கேட்டிருந்தால் இந்த விதியைச் சட்டமே எழுதியிருக்கலாம்.

61 நாள்

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் 2001ல் 45 நாளாகத் தொடங்கியது. 2017லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகளுக்குத்தான் தடை. நாட்டுப்படகு போகலாம். முட்டையிடும் காலத்தில் கடலுக்கு ஓய்வு. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார்.

தடைக்காலத்தில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வரத்து குறைவு, விலை கூடுதல்தான். ஆனால் கிடைப்பது நாட்டுப்படகு மீன், அன்றைய மீன். அந்த 61 நாளும் நம் ஊர்ச் சட்டியைக் காப்பாற்றுவது யார் என்று அப்போது தெரியும்.

தடை முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். 61 நாள் காத்து வளர்த்த குஞ்சு அடுத்த சில நாளில் சங்காயக் குவியலுக்குப் போனால் யாருக்கு லாபம்? மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. இரட்டை மடி கூடாது என்பதும் விதி. விதி ஏட்டில் இருக்கிறது. அதைக் கண்காணிக்கும் ஆளும் படகும் போதுமான அளவு இருக்க வேண்டும்.

வேறு இடங்களில்

மாணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிரேசில் 2009ல் ஒரு சட்டம் போட்டது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் 30 சதவீதமாவது குடும்ப விவசாயிகளிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்று அது அன்று சொன்னது. சிறு மீனவர்களும் குடும்ப விவசாயிகள் என்ற வரையறைக்குள் வருவார்கள் என்று 2006ன் இன்னொரு சட்டம் முன்பே சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத் தட்டு உள்ளூர் உழைப்பாளிக்கு நிச்சயமான சந்தை ஆனது. 2014ல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சிறுதொழில் மீன்பிடிப்புக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உணவுப் பாதுகாப்பையும் வறுமை ஒழிப்பையும் அதன் தலைப்பிலேயே வைத்தார்கள். கட்டாயச் சட்டம் இல்லை, ஆனாலும் பார்வை சரியாக இருந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளம் பக்கத்தில் இருக்கிறது. 2015ல் 14 வகை மீன்களுக்கு, 2017ல் மொத்தம் 58 வகைகளுக்குப் பிடிக்கக்கூடிய குறைந்த அளவை அறிவித்தது. அதற்குச் சிறிய குஞ்சைப் பிடித்து வந்தால் குற்றம். 2021ல் மீன் ஏலத்துக்கும் தரத்துக்கும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஏலக் கமிஷனுக்கு உச்சவரம்பும் அதில் உண்டு. கடனுக்குக் கட்டுப்பட்டு, கேட்ட விலைக்கு மீனைக் கொடுத்துவிட்டு நிற்கும் நம் வத்தைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கடற்கரையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

என் யோசனைகள்

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துக் கரும்பலகையோடு வாழ்ந்தவன். இருந்தாலும் நான்கு யோசனைகளை எழுதுகிறேன். குறை இருந்தால் திருத்துங்கள்.

1. மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் நோக்கங்களில் "உள்ளூர் மக்களின் உணவும் ஊட்டமும்" என்பதையும் சேர்க்க வேண்டும். ஒரு வரிதான். ஆனால் 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வந்தால் அது இரண்டு தரப்பின் தகராறாக மட்டும் இராது. மீன் வாங்கும் நாமும் அதில் கேள்வி கேட்கலாம்.

2. குஞ்சு மீனைத் தீவனத்துக்கு வாங்குவதைக் கட்டுப்படுத்த வேண்டும். படகில் மட்டும் சோதித்தால் மீனவரே குற்றவாளி ஆவார். ஆலை வாசலிலும் சோதிக்க வேண்டும். வாங்க ஆள் இருக்கும்வரை பிடிப்பும் நிற்காது.

3. கடலோர ஒன்றியங்களில் வாரம் ஒரு நாளாவது சத்துணவில் நாட்டுப்படகு மீனோ, சுத்தமாகத் தயாரித்த நெத்திலி, காரல் பொடியோ சேர்த்துப் பார்க்கலாம். முள், கெட்டுப்போவது, சைவப் பிள்ளைகள் என்று கேள்விகள் வரும், நியாயம்தான். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்க வழி கண்டோமே, இதற்கும் காணலாம். கருவாட்டுப் பொடியை மீனவப் பெண்கள் சங்கங்களிடமே வாங்கலாம்.

4. மீன் விற்கும் பெண்களுக்கு நிழல், தண்ணீர், ஐஸ், கழிவறையோடு இடம் வேண்டும். 2014ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் உரியது. 2018ல் மீனில் பார்மலின் என்று ஊரே பயந்ததே, அப்போது மக்கள் தேடிப் போனது தெரிந்த முகத்திடம்தான். அந்த நம்பிக்கைக்கு ஒரு மேடையாவது கட்டிக்கொடுக்க வேண்டாமா?

வரிக்காக, ஏற்றுமதிக்காக, அமைதிக்காக, வனவிலங்குக்காக என்று கடலுக்குச் சட்டங்கள் வந்துவிட்டன. அவற்றில் பலவும் வேண்டியவையே. சோற்றுத் தட்டிலிருந்து தொடங்கி எழுதிய சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை. இதைக் கேட்க வேண்டியது மீனவர்கள் மட்டும் இல்லை, மீன் சாப்பிடும் எல்லாரும்தான்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சந்தையில் முன்பு சாதாரணமாகக் கிடைத்து, இப்போது கண்ணில் படாத மீன் எது? உங்கள் வீட்டில் அதை எப்படிச் சமைத்தார்கள்? ஊர் பெயரோடு கீழே எழுதுங்கள். பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் நண்பர்கள் அவசியம் எழுத வேண்டும். ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து அடுத்த பதிவாகப் போடுகிறேன்.